மொபைல் கம்யூனிகேஷன் படிக்க எந்த வழி? டெல்டா மாணவர்களுக்கு ஓர் ஒப்பீடு

விருப்பப் பாடம் தேர்ந்தெடுக்கும் நாள் நெருங்கினாலே ஈசிஇ (எலெக்ட்ரானிக்ஸ் அண்ட் கம்யூனிகேஷன்) மூன்றாம் ஆண்டு மாணவர்கள் கேட்கும் கேள்வி இது: "சார், மொபைல் கம்யூனிகேஷனை எலெக்டிவா எடுக்கலாமா, இல்ல என்பிடெல்ல பாத்துக்கலாமா? ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டையே அதுல பண்ணிட்டா போதாதா?" கேட்பவர்கள் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை பக்கத்துக் கல்லூரிகளில் படிப்பவர்கள். பலர் வீட்டில் முதல் பட்டதாரி. சென்னையிலோ பெங்களூரிலோ இருந்தால்தான் இந்தத் துறையை ஒழுங்காகப் படிக்க முடியும் என்ற கவலை அந்தக் கேள்விக்குள் இருக்கிறது. இந்தப் பாடத்தை நடத்துகிறவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்தக் கவலை வேண்டாம். இந்தப் பாடத்தின் ஒரு முக்கியமான பகுதிக்கு நம் வயல்வெளியைவிட நல்ல ஆய்வகம் கிடைப்பது அரிது. அது எப்படி என்று ப்ராஜெக்ட் பகுதியில் விரிவாகச் சொல்கிறேன்.

பெரும்பாலான பாடத்திட்டங்களில் கம்பியில்லாத் தொடர்பியல் என்று ஒரு தாளாவது இருக்கும். அதைத் தாண்டி ஆழமாகப் போக விரும்புகிறவருக்கு நான்கு வழிகள் உண்டு: கல்லூரியில் விருப்பப் பாடம், என்பிடெல் இணையப் படிப்பு, ப்ராஜெக்ட், டவர் பக்கம் களப் பயிற்சி.

## எதை வைத்து எடை போடுவது

செல்போன் அமைப்புகள் 10 ஆண்டுக்கு ஒருமுறை சட்டை மாற்றிக்கொள்கின்றன. 1979-இல் டோக்கியோவில் முதல் தலைமுறை வந்தது. 1991-இல் பின்லாந்தில் ஜிஎஸ்எம் தொடங்கியது. இந்தியாவில் 2022 அக்டோபர் 1 அன்று 5ஜி தொடங்கி வைக்கப்பட்டது. அலைவரிசையைப் பங்கு போடும் முறை ஒவ்வொரு தடவையும் மாறியிருக்கிறது. ஜிஎஸ்எம்மில் 200 கிலோஹெர்ட்ஸ் அகலமுள்ள ஒரு கேரியரை (சிக்னலைச் சுமக்கும் அலையை) 8 பேர் நேரத் துண்டுகளாகப் பகிர்ந்துகொள்கிறார்கள், நம் வாய்க்காலில் முறைவைத்துத் தண்ணீர் விடுவது போல. 3ஜி அதைக் குறியீடுகளால் பிரித்தது. 4ஜியோ 15 கிலோஹெர்ட்ஸ் இடைவெளி விட்ட நூற்றுக்கணக்கான துணைக் கேரியர்களாகப் பிரித்தது.

மாறாத ஒன்றும் இருக்கிறது. டவரிலிருந்து கிளம்பிய அலை காற்றில் எப்படித் தேய்கிறது, கட்டடத்திலும் தரையிலும் பட்டுத் திரும்பி வந்து தன்னோடு தானே எப்படி மோதுகிறது, ரயிலில் போகிறவரின் போனில் அதன் அதிர்வெண் எப்படி நகர்கிறது என்பவைதான் அது. இதைத்தான் சேனல் என்கிறோம். சேனலைச் சமன்பாடாகவும் அனுபவமாகவும் புரிந்துகொண்டவருக்கு 6ஜி வந்தாலும் பயமில்லை. 4ஜியின் பெட்டிப் படங்களை (பிளாக் டயக்ராம்) மட்டும் மனப்பாடம் செய்தவர் அடுத்த தலைமுறை வரும்போது மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

ஆகவே என் முதல் அளவுகோல், அந்த வழியில் போனால் சேனல் உங்கள் கைக்கு வருமா என்பது. அடுத்தது, நிஜமான ஒரு சிக்னலைக் கண்ணால் பார்க்க வாய்ப்பு உண்டா. மூன்றாவது, ரசீதில் எழுதாத செலவும் சேர்த்து ஆகும் பணமும் நேரமும். நான்காவது, முடிவில் மார்க் ஷீட்டிலோ, முதுநிலைப் பொறியியல் சேர்க்கைக்கான கேட் தேர்விலோ இன்டர்வியூவிலோ அது எப்படி உதவும் என்பது. நான்கையும் சமமாக வைக்கவில்லை. முதலாவதற்குத்தான் என் எடை அதிகம்.

## கல்லூரியில் விருப்பப் பாடமாக

இதன் பெரிய பலம் எதிரே நிற்கும் ஆசிரியர். புரியாத இடத்தில் நிறுத்திக் கேட்கலாம், வகுப்பு முடிந்ததும் ஸ்டாஃப் ரூமுக்குப் போய் மறுபடியும் கேட்கலாம். தானாகப் படிக்கிறவருக்கு மூன்று நாள் பிடிக்கும் சந்தேகம் அங்கே ஐந்து நிமிடத்தில் தீர்ந்துவிடும்.

நல்ல ஆசிரியர் அமைந்தால் எர்லாங் அட்டவணைக்குக்கூட உயிர் வந்துவிடும். சராசரியாக ஒரே நேரத்தில் எத்தனை அழைப்புகள் ஓடுகின்றன என்பதை அளக்கும் அலகுதான் எர்லாங்; இங்கே சேனல் என்பது ஒரு அழைப்பைச் சுமக்கும் தடம். நூற்றுக்கு இரண்டு அழைப்புகள் மட்டுமே தடைபடலாம் என்ற தரத்தில், 7 சேனல்கள் தாங்கும் போக்குவரத்து ஏறக்குறைய 2.94 எர்லாங். சேனலை இரண்டு மடங்காக்கி 14 வைத்தால் தாங்கும் அளவும் இரண்டு மடங்கு என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். உண்மையில் அது 8.2 எர்லாங், கிட்டத்தட்ட 2.8 மடங்கு. சேனல்களை ஒன்றாகத் திரட்டி வைப்பதால் கிடைக்கும் ஆதாயம் இது. ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை வேளாங்கண்ணித் திருவிழா நடக்கும்போது ஊருக்கு எத்தனை சேனல் வேண்டும், 2028 மகாமகத்துக்குக் கும்பகோணத்தில் எத்தனை தற்காலிக டவர் நிறுத்த வேண்டும் என்று வகுப்பிலேயே கணக்குப் போட வைத்தால், அந்தச் சூத்திரம் ஒருநாளும் மறக்காது.

இதில் மறைந்திருக்கும் செலவு தேர்வு முறைதான். அண்ணா பல்கலைக்கழக வினாத்தாளில் 2 மார்க், 13 மார்க், 15 மார்க் என்று கேள்விகள் வருகின்றன. 13 மார்க் கேள்விக்கு டெரிவேஷனை அப்படியே ஒப்பித்து எழுதினால் மார்க் விழுந்துவிடும். ஒப்பித்தவரா, புரிந்தவரா என்பது விடைத்தாளில் தெரியாது. மாணவர்களும் அந்தப் பாதையிலேயே பழகிவிடுகிறார்கள், நோட்ஸ் ஜெராக்ஸ் கடையிலிருந்து வருகிறது. இன்னொன்று, போதுமான பேர் பெயர் கொடுத்தால்தான் விருப்பப் பாடம் நடக்கும். வகுப்பில் பெரும்பான்மை பாஸ் பெர்சன்டேஜ் அதிகமுள்ள தாள் பக்கம் சாய்ந்தால், உங்கள் ஆசை அங்கேயே நின்றுவிடும். அதனால் விண்ணப்பம் கொடுப்பதற்கு முன்பே ஆர்வமுள்ள நண்பர்களைத் திரட்டிக்கொண்டு துறைத் தலைவரிடம் பேசிவிடுங்கள்.

இந்தத் தாளை யார் எடுக்கப் போகிறார்கள் என்றும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அதில் கூச்சம் வேண்டாம். பாடத்தின் பெயரைவிட ஆசிரியரைப் பார்த்து எலெக்டிவ் எடுப்பதுதான் சரி.

## என்பிடெல்லில்

ஐஐடிகளும் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து நடத்தும் பாடங்கள் இவை. வீடியோ பார்க்கக் காசு இல்லை. நேரில் தேர்வு எழுதிச் சான்றிதழ் வாங்க மட்டும் கட்டணம் உண்டு. பல ஆண்டுகளாக அது 1000 ரூபாயை ஒட்டி இருந்து வந்திருக்கிறது, பட்டியலினத்தவருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் சலுகை உண்டு. பதிவு செய்யும் முன் நடப்புக் கட்டணத்தை அவர்கள் தளத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள். 12 வாரப் பாடம் பொதுவாக 3 கிரெடிட்டுக்குச் சமம். உங்கள் பல்கலைக்கழகம் அதை ஒரு எலெக்டிவுக்குப் பதிலாக ஏற்குமா என்பதைத் துறை அலுவலகத்தில் எழுத்தாகவே வாங்கிவிடுங்கள். படித்து முடித்த பிறகு கிரெடிட் ஏறவில்லை என்று அலைவது பெரிய வேதனை.

கணிதத்தை முறையாகக் கட்டி எழுப்புவதில் இந்த வழிதான் முதலிடம் என்பேன். ராலே மங்கலுக்கு (பல பாதைகளில் வரும் அலைகள் மோதி சிக்னல் ஏறி இறங்குவதற்கு) நிகழ்தகவு அடர்த்தி எங்கிருந்து வருகிறது, இரண்டு காஸியன் மாறிகளின் வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் ஏன் அந்த வடிவம் வருகிறது என்பதை நிதானமாக, படிப்படியாகப் போட்டுக் காட்டுவார்கள். வீடியோவை நிறுத்திவிட்டு அடுத்த வரியை நீங்களே நோட்டில் எழுதிப் பார்க்கலாம். வகுப்பறையில் அந்த வசதி இல்லை. கேட் எழுத நினைப்பவருக்கு இது நேரடியாகப் பயன்படும்.

மதிப்பெண் முறை 25-க்கு அசைன்மென்ட், 75-க்குத் தேர்வு. 12 வாரப் பாடத்தில் சிறந்த 8 அசைன்மென்ட்டுகளை எடுத்துக்கொள்கிறார்கள். இந்த அசைன்மென்ட்டுகளில்தான் ஆபத்து இருக்கிறது. பெரும்பாலும் சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் வகை என்பதால், டெலிகிராம் குழுக்களில் விடைகள் சுற்றுகின்றன. அந்த 25 மார்க் எளிதாக வந்துவிடும். தேர்வு அறையில் 75 மார்க்குக்கு உட்காரும்போதுதான் ஒன்றும் தெரியவில்லை என்பது தெரியும்.

நேரமும் ஒரு செலவுதான். ஜூலையில் தொடங்கும் பாடத்தின் தேர்வு அக்டோபரை ஒட்டி வரும். அதே சமயத்தில் கல்லூரியில் இன்டர்னல் டெஸ்ட், வீட்டில் குறுவை அறுவடையும் சம்பா நடவும், வானத்தில் வடகிழக்குப் பருவமழை. விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு ஜனவரியில் தொடங்கும் சுற்றும் அவ்வளவு லேசில்லை, தொடக்க வாரங்கள் சம்பா அறுவடையோடு மோதும். ஆனாலும் தேர்வு ஏப்ரல் வாக்கில் வருவதால் மூச்சு விட நேரம் கிடைக்கும். தேர்வு மையம் ஊரிலேயே அமையாவிட்டால் தஞ்சாவூருக்கோ திருச்சிக்கோ போய் எழுத வேண்டியிருக்கும், அந்த நாளையும் பஸ் செலவையும் சேர்த்துக் கணக்கில் வையுங்கள்.

நிகழ்தகவும் சிக்னல்ஸ் அண்ட் சிஸ்டம்ஸும் கைவசம் இல்லாமல் இதில் இறங்கினால் மூன்றாவது வாரத்திலேயே மூச்சு முட்டும். முதலில் அவற்றைத் தேற்றிக்கொண்டு வாருங்கள்.

## ப்ராஜெக்ட்டாக

என் மனம் அதிகம் சாயும் வழி இது. அதிகம் கெட்டுப்போகும் வழியும் இதுதான். கெடுக்கும் விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். திருச்சியிலும் தஞ்சாவூரிலும் ப்ராஜெக்ட் சென்டர்கள் இருக்கின்றன. பணம் கொடுத்தால் கோட், ரிப்போர்ட், பிபிடி எல்லாம் சேர்ந்து வரும். பல ஆயிரம் ரூபாயைக் கொட்டி ஒருவர் தன் கற்றலை விலைக்கு விற்றுவிட்டு வருகிறார். அப்பா கடன் வாங்கி அந்தப் பணத்தைக் கொடுக்கிறார். வைவாவில் இரண்டாவது கேள்வியிலேயே எல்லாம் வெளியே வந்துவிடும். வராமல் தப்பினாலும் இன்டர்வியூவில் அந்த ப்ராஜெக்ட்டைப் பற்றி ஒரு வரி பேச முடியாது. தயவுசெய்து அந்தப் பக்கம் போகாதீர்கள்.

அதைவிடக் குறைந்த பணத்தில் நீங்களே செய்யக்கூடிய மூன்று வேலைகளைச் சொல்கிறேன்.

சிமுலேஷன். மேட்லேப் லைசென்ஸ் கல்லூரியில் இருந்தால் சரி, இல்லாவிட்டால் இலவசமான ஆக்டேவோ பைதானோ போதும். பிபிஎஸ்கே சிக்னலை (0, 1 பிட்டுகளை அலையின் இரண்டு எதிரெதிர் நிலைகளாக அனுப்பும் முறை) முதலில் வெறும் இரைச்சலில் அனுப்புங்கள். ஆயிரம் பிட்டுக்கு ஒரு பிழை என்ற தரத்துக்கு சிக்னல் இரைச்சலைவிட ஏறக்குறைய 7 டெசிபெல் (சக்தி விகிதத்தை மடக்கையில் சொல்லும் அலகு) மேலே இருந்தால் போதும். அதே சிக்னலை ராலே சேனலில் அனுப்பினால் 24 டெசிபெல் கேட்கும். 17 டெசிபெல் வித்தியாசம் என்றால் சுமார் 50 மடங்கு சக்தி. இப்போது ரிசீவரில் இன்னொரு ஆன்டெனா சேர்த்து இரண்டையும் சரியான எடையோடு கூட்டுங்கள். ஒவ்வொரு ஆன்டெனாவுக்கும் தேவை 11 டெசிபெல் பக்கம் இறங்கிவிடும். டவர் உச்சியில் ஏன் அத்தனை ஆன்டெனாக்கள் தொங்குகின்றன என்ற கேள்விக்கு விடை நீங்கள் எழுதிய நாற்பது ஐம்பது வரி கோடிலிருந்தே வரும். இதற்குச் செலவு கரண்ட் பில் மட்டும்தான்.

வயலில் அளப்பது. நம் ஊருக்கே உரிய ஆய்வகம் என்று சொன்னது இதைத்தான். மன்னார்குடியிலிருந்து நீடாமங்கலம் பக்கமோ, திருத்துறைப்பூண்டிப் பக்கமோ போனால் கண்ணுக்கெட்டிய தூரம் தட்டையான வயல். நேராக வரும் அலை ஒன்று, தரையில் பட்டு வரும் அலை ஒன்று என்று பாடப்புத்தகம் சொல்லும் இரு கதிர் மாதிரிக்கு இதைவிட நெருக்கமான நிலம் எங்கே இருக்கிறது? சென்னையில் இதை அளக்கப் போனால் ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு அபார்ட்மென்ட் குறுக்கே வரும்.

கணக்கைப் பாருங்கள். டவர் உயரம் 30 மீட்டர், கையில் போன் 1.5 மீட்டர், அலைவரிசை 900 மெகாஹெர்ட்ஸ் என்று வைத்தால் அலைநீளம் 33 சென்டிமீட்டர். இரண்டு உயரங்களையும் பெருக்கி, நாலால் பெருக்கி, அலைநீளத்தால் வகுத்தால் 540 மீட்டர் வரும். இதுதான் முறிவுப் புள்ளி. அந்தத் தொலைவு வரை தூரம் இரட்டிக்கும்போது சிக்னல் சராசரியாக 6 டெசிபெல் குறையும்; அதைத் தாண்டினால் ஒவ்வொரு இரட்டிப்புக்கும் 12 டெசிபெல் குறையும். 3.5 கிகாஹெர்ட்ஸ் 5ஜிக்கு அந்த முறிவுப் புள்ளி 2.1 கிலோமீட்டருக்குத் தள்ளிப்போகும், ஆனால் ஆரம்ப இழப்பே 12 டெசிபெல் கூடுதல். முறிவுப் புள்ளிக்கு அப்பால் சமன்பாட்டிலிருந்து அலைவரிசை மறைந்துவிடும், உயரங்களும் தூரமும் மட்டுமே மிஞ்சும். புத்தகத்தில் இதைப் படிக்கிறபோது நம்ப முடியாது. ஒரு இலவச ஆப்பைப் போட்டுக்கொண்டு வயல் சாலையில் சைக்கிளில் போய், தூரத்துக்கு எதிராக சிக்னல் அளவை வரைபடமாகப் போட்டால் சாய்வு மாறுவதை நீங்களே தேடலாம்.

நடவுக்குத் தண்ணீர் கட்டிய வயலிலும் அறுவடை முடிந்து காய்ந்த வயலிலும் அளந்து ஒப்பிடலாமே என்று தோன்றும். தோன்ற வேண்டும். தொலைவு கூடக் கூட அலை தரையை உரசிக்கொண்டு வரும், அந்தக் கோணத்தில் ஈரத் தரையானாலும் காய்ந்த தரையானாலும் எதிரொளிப்புக் குணகம் மைனஸ் 1-ஐ நெருங்கும். பெரிய வித்தியாசம் கிடைக்காவிட்டால் அது தோல்வி இல்லை, அதுவே முடிவு. ஏன் என்று விளக்க முடிந்தால் எந்த வைவாவிலும் தலை நிமிர்ந்து நிற்கலாம்.

அளக்கும்போது செல் அடையாள எண்ணையும் பேண்டையும் ஒவ்வொரு புள்ளியிலும் குறித்துக்கொள்ளுங்கள். போன் சொல்லாமல் கொள்ளாமல் அடுத்த டவருக்கோ வேறு பேண்டுக்கோ தாவிவிடும். அதைக் கவனிக்காமல் போட்ட வரைபடம் குப்பை. டவருக்கு மிக அருகில் ஆன்டெனாவின் சாய்வும் முடிவைக் கெடுக்கும், அந்தப் புள்ளிகளைத் தனியாக வையுங்கள்.

மென்பொருள் ரேடியோ. சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும், யுஎஸ்பியில் செருகும் ரேடியோ ரிசீவரான ஆர்டிஎல் டாங்கிள் ஏறக்குறைய 24 மெகாஹெர்ட்ஸிலிருந்து 1.7 கிகாஹெர்ட்ஸ் வரை கேட்கும். முதலில் காரைக்கால் பண்பலையைப் பிடித்து, குனு ரேடியோ என்ற இலவச மென்பொருளில் நீங்களே எஃப்எம் டீமாடுலேட்டர் கட்டிப் பாட்டு கேளுங்கள். பிறகு 900 மெகாஹெர்ட்ஸ் பக்கம் போனால் ஜிஎஸ்எம் கேரியர்கள் 200 கிலோஹெர்ட்ஸ் பட்டைகளாகத் திரையில் நிற்பதைப் பார்க்கலாம். டாங்கிள் ஒரே நேரத்தில் பார்க்கும் அகலம் சுமார் 2.4 மெகாஹெர்ட்ஸ்தான், 5 மெகாஹெர்ட்ஸ் எல்டிஇ (4ஜி) கேரியர் முழுசாக அதில் அடங்காது. ஆனால் போன் முதலில் தேடும் ஒத்திசைவு சிக்னல்கள் கேரியரின் நடுவில் 1.08 மெகாஹெர்ட்ஸுக்குள்ளேயே இருக்கின்றன. மலிவான கருவிக்கும் அது எட்டும். மலிவு டாங்கிளின் கிரிஸ்டல் 50 பிபிஎம் (பத்து லட்சத்தில் 50 பங்கு) விலகினால் 900 மெகாஹெர்ட்ஸில் அது 45 கிலோஹெர்ட்ஸ், அதாவது மூன்று துணைக் கேரியர் தள்ளிப்போகும். அதிர்வெண் விலகலைத் திருத்துவது பற்றி புத்தகத்தில் ஏன் ஒரு தனிப் பகுதி என்பது அன்றைக்குப் புரியும்.

ஒரு எச்சரிக்கை. மற்றவர்களின் பேச்சையோ செய்தியையோ இடைமறிப்பது குற்றம். உரிமம் இல்லாமல் செல்போன் அலைவரிசையில் சிக்னல் அனுப்புவதும் குற்றம். எல்லோருக்குமாக ஒலிபரப்பாகும் ஒத்திசைவு சிக்னல்களைப் பார்ப்பதோடு நில்லுங்கள், வழிகாட்டும் ஆசிரியருக்குத் தெரிந்தே செய்யுங்கள்.

இந்த வழியின் மறைந்த செலவு நேரம். டிரைவர் நிறுவுவதிலேயே ஒரு வாரம் போய்விடலாம். முதல் ரிவ்யூவுக்குக் காட்ட ஒன்றும் இருக்காது. கணிதம் தெரியாமல் இறங்கினால் திரையில் அழகான நிறங்கள் ஓடும், அர்த்தம் தெரியாது.

## டவர் பக்கம் களப் பயிற்சி

பிஎஸ்என்எல்லில் இன்-பிளான்ட் பயிற்சி எடுக்கலாம், டவர் பராமரிப்பு எடுத்துச் செய்யும் நிறுவனங்களிடமும் கேட்கலாம். டிரைவ் டெஸ்ட் (வண்டியில் போய்க்கொண்டே சிக்னல் அளப்பது), பேட்டரி பேங்க், ஜெனரேட்டர், மைக்ரோவேவ் லிங்க், ஃபைபர் ஜாயின்ட் எல்லாம் கண்ணால் பார்க்கலாம். சேனல் பற்றிய கணிதம் இங்கே கிடைக்காது. ஆனால் 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்த பிறகு போன்கள் ஏன் நாள்கணக்கில் ஊமையாகக் கிடந்தன என்பதற்கு விடை இங்கேதான் இருக்கிறது. மின்சாரம் போய், பேட்டரி தீர்ந்து, மரம் விழுந்த சாலையில் டீசல் போய்ச் சேராவிட்டால் எந்த மாடுலேஷனும் உதவாது. கோடை விடுமுறையில் சில வாரம் போய்வரலாம். இதை மட்டுமே வழியாக வைத்துக்கொள்ள வேண்டாம்.

## ஒரே பார்வையில்

| வழி | பணம் | சேனல் புரியுமா | நிஜ சிக்னல் | கண்ணுக்குத் தெரியாத செலவு |
|---|---|---|---|---|
| விருப்பப் பாடம் | கல்லூரிக் கட்டணத்திலேயே அடங்கும் | ஆசிரியரைப் பொறுத்தது | லேப் இருந்தால் | மனப்பாடப் பழக்கம் |
| என்பிடெல் | தேர்வுக் கட்டணம், பயணம் | நன்றாக | இல்லை | பாதியில் கைவிடுவது, கிரெடிட் அலைச்சல் |
| ப்ராஜெக்ட் | இலவசம் முதல் சில ஆயிரம் வரை | கணிதம் கையில் இருந்தால் மிக நன்றாக | உண்டு | தொடக்க வாரங்கள் வீணாகும் |
| களப் பயிற்சி | பயிற்சிக் கட்டணம், போக்குவரத்து | இல்லை | ஓரளவு | விடுமுறை போய்விடும் |

## யாருக்கு எது

உங்கள் கல்லூரியில் இந்தத் தாளை ஈடுபாட்டோடு நடத்தும் ஆசிரியர் இருந்தால் யோசிக்காமல் விருப்பப் பாடத்தை எடுங்கள். அத்தோடு சிமுலேஷனை நீங்களாகச் செய்து பாருங்கள். அப்படிப்பட்ட ஆசிரியர் இல்லை, அல்லது தாளே நடக்கவில்லை என்றால் என்பிடெல்தான் வழி, முடிந்தால் ஜனவரிச் சுற்றில். தனியாக உட்காராமல் மூன்று நான்கு பேராகச் சேர்ந்து வாரம் ஒருநாள் கூடிக் கணக்குப் போட்டால் பாதியில் விடமாட்டீர்கள்.

கேட் எழுதி ஐஐடி, என்ஐடி பக்கம் போக நினைப்பவர் என்பிடெல்லையும் விருப்பப் பாடத்தையும் சேர்த்தே எடுக்கலாம், ப்ராஜெக்ட்டைச் சிமுலேஷனோடு நிறுத்திக்கொள்ளலாம். படிப்பு முடிந்ததும் வேலை வேண்டும், அதுவும் நெட்வொர்க் பக்கம் என்றால் வயல் அளவீடும் களப் பயிற்சியும் சேர்ந்த ப்ராஜெக்ட்டே பேசும். இன்டர்வியூவில் உங்கள் சொந்த வரைபடத்தை மேசையில் வைத்து, இந்தப் புள்ளி ஏன் விலகியது என்று விளக்குகிற மாணவரை யாரும் சுலபத்தில் திருப்பி அனுப்பமாட்டார்கள். கம்ப்யூட்டர் சயின்ஸ் மாணவர் ஆர்வத்தால் வருகிறார் என்றால் டாங்கிளை விட்டுவிட்டு சிமுலேஷனில் தொடங்கட்டும்.

பாலிடெக்னிக் முடித்து நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேர்ந்தவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. உங்களுக்குக் கருவிகளில் கைப்பழக்கம் உண்டு, ப்ராஜெக்ட்டில் மற்றவர்களைவிட வேகமாக இருப்பீர்கள். ஆனால் முதலாண்டுக் கணிதம் கை நழுவியிருக்கும். ஐந்தாவது செமஸ்டர் தொடங்கும் முன்பே, வரும் கோடையில், நிகழ்தகவுக்கும் மேட்ரிக்ஸுக்கும் என்பிடெல் வீடியோக்களைப் பார்த்துக் கணக்குகளைப் போட்டு முடித்துவிடுங்கள். தேர்வுக்குப் பணம் கட்ட வேண்டியதில்லை, நோட்டில் கணக்கு இருந்தால் போதும். அப்புறம் விருப்பப் பாடமா ப்ராஜெக்ட்டா என்று முடிவு செய்யலாம்.